ஒத்துப்போகச் சொல்லாத ஐம்பது நிமிடம்

'கவுன்சலிங்' என்ற சொல் தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் புதிதல்ல. மகளிர் காவல் நிலையத்தில் அது நடக்கிறது. குடும்ப நீதிமன்றத்தில் நடக்கிறது. காதல் தெரிந்துவிட்ட மாணவியை விடுதிக் காப்பாளர் கூப்பிட்டு உட்காரவைக்கும் அறையில் நடக்கிறது. கல்யாணம் வேண்டாம் என்ற மகளைப் பெற்றோர் கூட்டிப்போகும் கிளினிக்கில் நடக்கிறது. இடங்கள் வேறு வேறு, சொல்லப்படுவது பெரும்பாலும் ஒன்று: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

இது தற்செயலாக நேர்ந்ததல்ல. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் தன் 9ஆம் பிரிவில் சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே எழுதிவைத்திருக்கிறது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. அடிபட்ட பெண் புகார் மனுவோடு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால், முதல் தகவல் அறிக்கைக்கு முன்னால் அவளுக்குக் கிடைப்பது இன்றும் பல ஊர்களில் கவுன்சலிங்தான். கணவனையும் மாமியாரையும் எதிரே உட்காரவைத்து, இனி சேர்ந்து வாழ்வதாக எழுதி வாங்குவார்கள். குடும்பத்தைக் காப்பாற்றும் வேலைக்கு நம் ஊர் வைத்த பெயர் கவுன்சலிங். அந்தக் காப்பாற்றலில் விடுபட்டுப் போகிறவள் யார் என்று நமக்குத் தெரியும்.

இந்தச் சொல் இப்போது கைபேசிக்குள் வந்துவிட்டது. 'உங்கள் மனதோடு பேசுங்கள்', 'முதல் அமர்வு இலவசம்' என்று விளம்பரங்கள் வருகின்றன. இரவு பதினொரு மணிக்கு, எல்லோரும் தூங்கிய பிறகு, அந்த விளம்பரத்தைத் தொடும் பெண்கள் ஏராளம். அவர்கள் எதைத் தேடுகிறார்கள், அவர்களுக்கு எது கிடைக்கிறது, எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. என் வாதம் எளிது. நமக்கு ஒத்துப்போகக் கற்றுத்தரும் ஆலோசகர்கள் போதும். நம் வாழ்க்கையை நாமே விசாரிக்கும்போது கூட உட்காரத் தெரிந்தவர்கள் வேண்டும். அப்படி உட்காரக் கற்றுத்தரும் மரபு உளவியலுக்குள்ளேயே இருக்கிறது. இருத்தலியல் உளச்சிகிச்சை, மனிதநேய உளச்சிகிச்சை என்பவை அதன் பெயர்கள். அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அவற்றையும் பெண்ணியக் கண்ணோடு கேள்வி கேட்க வேண்டும்.

கட்டத்துக்குள் அடங்காத பதில்

பிள்ளைகள் வெளியூருக்குப் போனபின் நாற்பத்தெட்டு வயதில் சமையலறையில் நின்றுகொண்டு "இனி எதுக்கு?" என்று கேட்கிற பெண் இருக்கிறாள். முதல் தலைமுறைப் பட்டதாரியாக ஆராய்ச்சிக்கு வந்து, வீட்டிலும் பொருந்தாமல் பல்கலைக்கழகத்திலும் பொருந்தாமல் நிற்கிற மாணவி இருக்கிறாள். கணவன் இறந்தபின் துக்கத்தோடு கூட ஒரு நிம்மதியும் வந்ததை யாரிடமும் சொல்ல முடியாதவள் இருக்கிறாள். இவர்களில் சிலருக்கு மனச்சோர்வு நோய் இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேண்டும், மாத்திரையும் வேண்டியிருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இவர்கள் கேட்கும் கேள்வி நோய் அல்ல. நான் யாருக்காக வாழ்ந்தேன், இனி யாராக வாழ்வேன் என்பது மனிதர் எல்லோருக்கும் உரிய கேள்வி. ஆண் கேட்டால் அதைத் தத்துவம் என்பார்கள். பெண் கேட்டால் "வேலை இல்லாம உக்காந்து யோசிச்சா இப்படித்தான்" என்பார்கள்.

ஆலோசனைச் செயலியைத் திறந்தவுடன் வருவது பெரும்பாலும் ஒரு கேள்வித்தாள். மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விகள் கொண்ட பட்டியல் அதில் புகழ்பெற்றது. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று அது கேட்கும். நோயைக் கண்டறிய அது பயனுள்ள கருவிதான். ஆனால் கடந்த இருபது வருடம் என்று பதில் சொல்ல அதில் கட்டம் இல்லை.

அதன்பின் வருவது பயிற்சித் தாள்கள். சிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையின் மலிவான நகல்கள் அவை. அந்தச் சிகிச்சையின் மீது எனக்குப் பகை இல்லை. பீதித் தாக்குதலுக்கும், எண்ணச் சுழற்சி நோய்க்கும், மனச்சோர்வுக்கும் அது உதவுகிறது என்பதற்கு வலுவான ஆய்வுகள் உண்டு. நல்ல சிகிச்சையாளர் ஓர் எண்ணத்தைத் தவறு என்று முத்திரை குத்துமுன் அதற்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்பார். செயலி பார்ப்பதில்லை. "இந்த வீட்டில் என்னை யாரும் மனுஷியாகவே மதிப்பதில்லை" என்று ஒருத்தி தட்டச்சு செய்தால், 'மிகைப்படுத்தல்' என்ற சிந்தனைப் பிழையின் கீழ் அதை அடுக்கிவிட்டு, நன்றியுணர்வுக் குறிப்பேடு எழுதச் சொல்லும். அது பிழை இல்லை, உள்ளபடியான நிலவரம் என்றால் என்ன செய்வது? நிலவரத்தை மாற்றாமல் நினைப்பை மட்டும் மாற்றச் சொல்வதைத்தான் நம் அத்தைமார்கள் செலவில்லாமல் செய்துவந்தார்கள்.

மனநலத்தின் அளவுகோலே யாருடையது என்ற கேள்வியும் பழையதுதான். 1970இல் அமெரிக்காவில் இங்கே ப்ரோவர்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் மனநல மருத்துவ வல்லுநர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஆரோக்கியமான ஆண் எப்படி இருப்பார், ஆரோக்கியமான பெண் எப்படி இருப்பார், ஆரோக்கியமான மனிதர் எப்படி இருப்பார் என்று தனித்தனிக் குழுக்களிடம் கேட்டார்கள். ஆரோக்கியமான மனிதருக்குச் சொன்ன குணங்களும் ஆரோக்கியமான ஆணுக்குச் சொன்ன குணங்களும் ஒத்துப்போயின. பெண்ணுக்குச் சொன்னவை ஒத்துப்போகவில்லை. நல்ல பெண்ணாக இருந்தால் ஆரோக்கியமான மனிதராக இருக்க முடியாது. ஆரோக்கியமான மனிதராக இருந்தால் நல்ல பெண் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஃபிலிஸ் செஸ்லர் 'பெண்களும் பைத்தியமும்' என்ற நூலில் இந்த முரணை விரிவாக எழுதினார். அரை நூற்றாண்டு போய்விட்டது. "நல்ல பொண்ணா இரு" என்பதும் "ஸ்ட்ராங்கா இரு" என்பதும் ஒரே வாயிலிருந்து வருவதை நாம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பதில் சொல்லாத ஒருவர்

1964இல் அமெரிக்காவில் ஒரு பயிற்சிப் படம் எடுத்தார்கள். விவாகரத்தான ஓர் இளம்தாய், குளோரியா என்ற பெயரில், மூன்று புகழ்பெற்ற உளச்சிகிச்சையாளர்களை ஒருவர்பின் ஒருவராகச் சந்திக்கிறார். மூவரும் ஆண்கள். அதில் முதல்வர் கார்ல் ரோஜர்ஸ். குளோரியாவின் பிரச்சினை இது: விவாகரத்துக்குப் பின் வேறு ஆணோடு உறவு உண்டா என்று ஒன்பது வயது மகள் கேட்டாள், இல்லை என்று பொய் சொல்லிவிட்டார், அந்தப் பொய் உறுத்துகிறது. உண்மையைச் சொன்னால் மகளுக்குக் கெடுதலா, சொல்லுங்கள் என்று ரோஜர்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

நம் ஊராக இருந்தால் பதில் ஒரு நொடியில் வந்திருக்கும். கூடவே ஒழுக்கம் பற்றி ஓர் அத்தியாயமும் வந்திருக்கும். ரோஜர்ஸ் பதில் சொல்லவில்லை. தட்டிக்கழிக்கவும் இல்லை. பதிலுக்கான ஏக்கத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டு, அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்பதை அவளே கேட்கும்படி கூட இருந்தார். தீர்ப்பு இல்லாத மதிப்பு, உள்ளார்ந்த புரிதல், பாவனை இல்லாத நேர்மை ஆகியவை சிகிச்சையாளரிடம் இருந்து, எதிரே இருப்பவருக்கும் அவை உணரப்பட்டால் மாற்றம் வரும் என்று 1957இலேயே அவர் ஒரு கட்டுரையில் வாதிட்டிருந்தார். உளவியலாளர்களுக்கு அது அதிர்ச்சி. நோயைக் கண்டுபிடிக்கும் நிபுணர் என்ற ஆசனத்திலிருந்து அவர்களை அது இறக்கிவிட்டது. உன் வாழ்க்கையைப் பற்றி உனக்குத்தான் அதிகம் தெரியும் என்பது மனிதநேய உளவியலின் அடிப்படை. பதினைந்து வயதிலிருந்து "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கேட்டு வளர்ந்த ஒருத்திக்கு இது சின்ன விஷயமல்ல.

இருத்தலியல் சிகிச்சை இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. இர்வின் யாலோம் 1980இல் எழுதிய 'இருத்தலியல் உளச்சிகிச்சை' நூலில், மனிதர் யாரும் தப்பிக்க முடியாத நான்கு விஷயங்களைச் சொல்கிறார்: மரணம், சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை. பதற்றம் எப்போதும் இயந்திரக் கோளாறு அல்ல. இந்த நான்கில் ஒன்றோடு முட்டிக்கொண்டதன் சத்தமாகவும் அது இருக்கலாம் என்பது இந்த மரபின் பார்வை. அந்தச் சத்தத்தை உடனே அணைப்பதைவிட, அது என்ன சொல்கிறது என்று கேட்பது முக்கியம் என்கிறது. "இனி எதுக்கு?" என்று கேட்கும் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்தக் கேள்வியிலேயே உட்கார இடம் தருகிறது.

இந்தத் தாத்தாக்களோடும் சண்டை உண்டு

அதற்காக இவர்களைக் கும்பிடச் சொல்லவில்லை. இந்த மரபைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், வெள்ளையர்கள், சொந்த அறையும் சொந்தப் பணமும் உள்ளவர்கள். அவர்கள் கற்பனை செய்த மனிதன் தனியாளாக நின்று தன் வாழ்வைத் தேர்ந்தெடுக்கிறான். அவனுக்கு யாரோ சமைத்துவைத்திருக்கிறார்கள்.

சுதந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "தேர்வு உங்கள் கையில்தான் இருக்கிறது" என்று ஒரு சிகிச்சையாளர் சொல்லலாம். ஏ.டி.எம். அட்டை கணவனிடமும், சான்றிதழ்கள் அப்பாவின் பீரோவிலும் இருக்கிறவளிடம் அதைச் சொன்னால் அது தத்துவம் அல்ல, கொடுமை. சிமோன் த பொவ்வார் 1949இல் 'இரண்டாம் பாலினம்' எழுதியபோது இருத்தலியலுக்குள்ளிருந்தே இந்த ஓட்டையைக் காட்டினார். சுதந்திரம் எல்லோருக்கும் உரியதுதான். ஆனால் சூழ்நிலை அதை நசுக்கி வைக்கும், பெண்ணின் சூழ்நிலை அப்படி நசுக்கவே கட்டப்பட்டது என்பது அவர் வாதம். சூழ்நிலையைப் பேசாமல் தேர்வை மட்டும் பேசும் சிகிச்சையாளர் பாதிப் பாடம்தான் படித்திருக்கிறார்.

அர்த்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாஜி வதைமுகாம்களில் உயிர்பிழைத்த விக்டர் ஃப்ராங்கல், 1946இல் வெளிவந்த தம் நூலில், தவிர்க்க முடியாத துன்பத்திலும் மனிதர் அர்த்தம் காண முடியும் என்று எழுதினார். 'தவிர்க்க முடியாத' என்பது அங்கே முக்கியமான சொல். தவிர்க்கக்கூடிய துன்பத்தின் காரணத்தை நீக்குவதுதான் அர்த்தமுள்ள செயல் என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். நம் ஊருக்கு வந்து சேரும்போது அந்தப் பாதி உதிர்ந்துவிடுகிறது. துன்பத்தில் அர்த்தம் கண்டுபிடி என்பது தியாகத்துக்கு இன்னொரு பெயராகிவிடுகிறது. தமிழ்ப் பெண்ணுக்குத் தியாகம் சொல்லித்தர வியன்னாவிலிருந்து யாரும் வரத் தேவையில்லை. நம் சினிமாவும் சீரியலும் அதைப் போதுமான அளவு செய்திருக்கின்றன. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவன் தவிர்க்க முடியாத துன்பம் அல்ல. அவன் ஒரு குற்றவாளி.

கடைசியாக, ரோஜர்ஸ் சொன்ன அந்த நிபந்தனையற்ற மதிப்பு. தீர்ப்புச் சொல்லாமல் கேட்பது, எதிரே இருப்பவரின் மனதைக் குறிப்பறிவது, தன் களைப்பை ஓரம் வைத்துவிட்டு முழுக் கவனம் கொடுப்பது. இதைப் பெண்கள் வீடுகளில் காலம் காலமாகச் சம்பளமில்லாமல் செய்துவருகிறார்கள். அலுவலகத்திலிருந்து வந்தவனின் எரிச்சலை, தேர்வில் தோற்ற பிள்ளையின் அழுகையை, தூக்கம் வராத மாமனாரின் புலம்பலைக் கேட்டவர்கள் அவர்கள். அதையே ஓர் ஆண் கோட்பாடாக எழுதினால் அது கண்டுபிடிப்பு. பரவாயில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க அந்தக் கவனத்தைக் கொடுத்தவள், வாரத்துக்கு ஒரு மணி நேரம் அதைப் பெற விரும்பினால் "அப்படி என்ன உனக்குப் பேச இருக்கு?" என்று கேட்பதை மட்டும் ஏற்க முடியாது.

நம் தோழர்கள் எழுப்பும் மறுப்பு

பெண்ணிய அரங்குகளிலிருந்தே ஒரு மறுப்பு வரும். பிரச்சினை சமூகத்தில் இருக்கிறது, அதை ஒருத்தியின் தலைக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். வேண்டியது சிகிச்சை அல்ல, சங்கம்.

இது மதிக்க வேண்டிய வாதம். 'தனிப்பட்டதும் அரசியலே' என்ற வாசகம் பிறந்ததே இந்தச் சண்டையில்தான். 1969இல் கரோல் ஹானிஷ் எழுதி, அடுத்த ஆண்டு அந்தத் தலைப்போடு வெளிவந்த கட்டுரை, பெண்கள் கூடித் தம் அனுபவங்களைப் பேசுவதை வெறும் 'தெரபி' என்று இளக்காரம் செய்தவர்களுக்கு எழுதிய பதில். சிகிச்சை என்றால் யாரோ நோயாளி, எங்கோ ஒரு தனிநபர்த் தீர்வு இருக்கிறது என்று பொருள். பெண்களிடம் குறை இல்லை, அவர்கள் நடத்தப்படும் முறையில்தான் குறை என்பது அவருடைய நிலை.

நான் அதை முழுக்க ஏற்கிறேன். அதனால்தான் ஒத்துப்போக வைக்கும் சிகிச்சையை எதிர்க்கிறேன். ஆனால் சங்கத்தில் எல்லாவற்றையும் பேச முடியாது என்பதும் சங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். கூட்டத்தில் முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுகிற தோழிகள் உண்டு. தன் தாயை வெறுப்பதை, பெற்ற பிள்ளை மீது பாசம் வராததை, சாவு பற்றிய நினைப்பை ஊர்க்கூட்டத்தில் வைக்க முடியாது. சங்கம் நிலவரத்தை மாற்றும் இடம். அந்த மாற்றத்துக்கு நடந்துபோகிற கால்களுக்கும் ஓய்விடம் வேண்டும்.

இது நடுத்தர வர்க்க ஆடம்பரம் என்பவர்களுக்கு ஓர் எண். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த பெண்கள் 45,026 பேர். அவர்களில் 23,178 பேர் இல்லத்தரசிகள். பாதிக்கும் மேல். "அவளுக்கு என்ன குறை, வீட்டிலதானே இருக்கா" என்று நாம் சொன்ன பெண்கள் அவர்கள். யாருக்கு ஆடம்பரம்?

கடை விரித்திருக்கும் இடத்தில்

சரி, தேடுவோம். இணையவழி ஆலோசனையை நான் குறைவாக நினைக்கவில்லை. சிவகங்கையிலோ தருமபுரியிலோ மனநல மருத்துவரின் கிளினிக் படியேறினால் மாலைக்குள் தெருவுக்கே தெரியும். வீட்டிலிருந்தே பேச முடிவது பல பெண்களுக்குக் கிடைத்த முதல் கதவு. ஆனால் அந்தக் கதவைச் சுற்றி என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில், யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற வேண்டும். ஆனால் 'கவுன்சலர்', 'தெரபிஸ்ட்', 'லைஃப் கோச்' என்ற பட்டங்களுக்கு நடைமுறையில் கட்டுப்பாடு இல்லாமலே நெடுங்காலம் ஓடிவிட்டது. ஆலோசகர்களையும் உள்ளடக்கும் துணை மருத்துவத் தொழிலர் சட்டம் 2021இல் வந்தது. அது தெருவுக்கு வந்து சேரவில்லை. வார இறுதிச் சான்றிதழ் வைத்திருப்பவரும் எட்டு ஆண்டுகள் படித்தவரும் ஒரே திரையில் ஒரே அளவுப் புகைப்படத்தோடு சிரிக்கிறார்கள்.

இரண்டாவது, சொல்லின் மோசடி. தேடுபொறியில் 'இருத்தலியல்' என்று வடிகட்டினால் வருகிற பட்டியலில் ஒருவரே பதினான்கு சிகிச்சை முறைகளில் தேர்ந்தவர் என்று போட்டிருப்பார். எல்லாம் தெரியும் என்பவருக்கு எது ஆழமாகத் தெரியும்? மனிதநேய முறை என்றால் அன்பாகப் பேசுவது என்று நினைக்கிறவர்களும் அதில் உண்டு. அன்பாகப் பேசி ஒத்துப்போகச் சொல்பவர்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

மூன்றாவது, ரகசியம். பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய இணைய ஆலோசனை நிறுவனம், வாடிக்கையாளர்கள் நம்பிக் கொடுத்த விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்துகொண்டது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஃபின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் பதிவேடுகள் திருடப்பட்டு, பல்லாயிரம் பேர் சிகிச்சை அறையில் சொன்னவற்றை வைத்து 2020இல் மிரட்டப்பட்டார்கள். பெண்ணின் ரகசியத்துக்கு நம் ஊரில் என்ன விலை என்று தெரிந்தவர்கள் இதைச் சாதாரணமாகக் கடக்க முடியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துமுன் அந்த உரிமையைச் செயலி எங்கே வைத்திருக்கிறது என்று கேளுங்கள்.

நான்காவது, அறை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21இல், தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் இந்திய அளவில் பாதிக்குச் சற்று மேல்தான் என்றது. இணையத்தை ஒரு முறையேனும் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒரு பங்கு. கைபேசி இருந்தாலும் கதவு இல்லை. மொட்டை மாடியிலும், நிறுத்திவைத்த காரிலும், குழாயைத் திறந்துவிட்ட குளியலறையிலும் உட்கார்ந்துதான் பெண்கள் பேசுகிறார்கள். பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலை அழிக்கிறார்கள். கட்டணம் பெருநகர ஆலோசகர்களிடம் அமர்வுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று போகிறது. சொந்த வருமானம் இல்லாதவள் அதை எந்தக் கணக்கில் எழுதுவாள்?

ஐந்தாவது, மொழியும் சாதியும். பயிற்சி ஆங்கிலத்தில் நடப்பதால் படித்தவரின் காதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. "நெஞ்சை அடைக்குது", "மனசே விட்டுப்போச்சு", "செத்துச் செத்துப் பொழைக்கிறேன்" என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு நிலைகள். மூன்றையும் 'ஸ்ட்ரெஸ்' என்று குறித்துக்கொள்கிறவரிடம் பேசுவதற்கு ஒன்றுமில்லை. அதேபோல, வகுப்பறையில் அவமானப்பட்ட தலித் மாணவியிடம் "எல்லோரும் மனிதர்தானே, ஏன் அதையே நினைக்கிறீர்கள்?" என்று கேட்பது மனிதநேயம் அல்ல. சாதியைப் பார்க்க மறுக்கும் மனிதநேயம் யாருடைய வசதிக்கு என்று அவள் திருப்பிக் கேட்கலாம்.

யாரைப் பரிசோதிப்பது?

நல்ல முன்மாதிரி ஒன்று நம் மண்ணிலேயே உண்டு. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் நேசித்துச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காவல்துறைக்குப் போனார்கள். பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். இந்த மாதிரி வழக்கில் வழக்கமாக அந்தப் பெண்களைத்தான் கவுன்சலிங்குக்கு அனுப்பித் திருத்தச் சொல்வார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வேறொன்று செய்தார். தமக்கு இந்த உறவு பற்றிய புரிதல் போதாது என்று சொல்லி, தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த ஆணை, பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்வதைத் தொழில் ஒழுங்கீனமாக அறிவித்தது.

பெண் ஒருத்தி பொருந்தவில்லை என்றால், கோளாறு அவளிடம்தான் என்று தொடங்காமல், பார்ப்பவரின் கண்ணிலிருந்து தொடங்குவது. ஆலோசகரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது இந்தப் பணிவைத்தான்.

ஆகவே முதல் உரையாடலில் கேள்வி கேட்பது அவர் மட்டும் அல்ல, நீங்களும்தான். என்ன படித்தீர்கள், எங்கே, இந்த முறையில் எத்தனை காலம் பயிற்சி? உங்களை மேற்பார்வையிடும் மூத்தவர் யார்? திருமணத்தை விட்டு வெளியேற நினைக்கிறேன் என்று சொன்னால் உங்கள் வேலை என்ன என்று நினைக்கிறீர்கள்? என் கணவரோ அப்பாவோ உங்களுக்குப் போன் செய்தால் என்ன சொல்வீர்கள்? குறிப்புகளை எங்கே வைக்கிறீர்கள்? எந்தச் சூழ்நிலையில் ரகசியத்தை மீறுவீர்கள்? சாதி பற்றிப் பேசலாமா? தமிழில் பேசலாமா? கட்டணத்தைக் குறைக்க வழி உண்டா? பேச்சின் நடுவே நான் சட்டென்று வைத்துவிட்டால், திரும்ப அழைக்காமல் காத்திருப்பீர்களா? வீட்டில் வன்முறை இருந்தால் இந்தக் கடைசிக் கேள்வி உயிர் சார்ந்தது. அப்படிப்பட்ட வீட்டில் கணவனையும் சேர்த்து உட்காரவைக்கலாம் என்று ஆலோசகர் சொன்னால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு விலகுங்கள். அடிக்கிறவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது யாரும் மனம் திறப்பதில்லை.

இந்தக் கேள்விகளால் ஒருவர் கோபப்பட்டால் பதில் கிடைத்துவிட்டது. நல்ல சிகிச்சையாளர் இவற்றை வரவேற்பார். சிகிச்சை முறை எதுவானாலும், இருவருக்கும் இடையிலான உறவின் தரம் பலனோடு சேர்ந்தே போகிறது என்று ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கின்றன. மூன்று, நான்கு அமர்வுக்குப் பின்னும் நீங்கள் அங்கேயும் நல்ல பெண்ணாக நடித்துக்கொண்டிருந்தால், அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். அப்படியும் மாறவில்லையென்றால் ஆளை மாற்றுங்கள். மருமகளாக இருப்பதுபோல ஒருவரிடமே இருந்துதீர வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை.

ஆனால் இதைத் தனித்தனிப் பெண்ணின் சாமர்த்தியத்தில் விட்டுவிட்டால் கரோல் ஹானிஷ் சொன்னது சரியாகிவிடும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக, தமிழிலும், கட்டணமின்றி இயங்குகிறது. உயிரை விடும் நினைப்பு வந்தால் தத்துவத்துக்குக் காத்திருக்காமல் அந்த எண்ணை அழையுங்கள். அந்த எண் வேண்டும். அது மட்டும் போதாது. சாவின் விளிம்புக்கு வந்தபின் கிடைக்கும் பத்து நிமிடத்தோடு அரசின் கடமை முடிந்துவிடாது. பெண்கள் கல்லூரிகளில், விடுதிகளில், அரசு மருத்துவமனைகளில் தமிழில் பயின்ற, தொடர்ந்து மாதக்கணக்கில் கேட்கக்கூடிய, நிர்வாகத்துக்கும் குடும்பத்துக்கும் ஒற்று சொல்லாத ஆலோசகர்கள் சம்பளத்தோடு நியமிக்கப்பட வேண்டும். பூட்டிப் பேச ஓர் அறை வேண்டும். மகளிர் காவல் நிலையத்திலும் குடும்ப நீதிமன்றத்திலும் சமரசத்துக்கு இழுப்பதற்குக் கவுன்சலிங் என்று பெயர் வைப்பதை நிறுத்த வேண்டும். அதற்குச் சமரசம் என்றே பெயர் இருக்கட்டும், அதை மறுக்கும் உரிமையும் அவளுக்கு இருக்கட்டும். உளவியல் படிக்கிற மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள்: நாளை அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். உங்கள் எதிரே வருகிறவள் ஏற்கெனவே போதுமான அளவு ஒத்துப்போய்விட்டுத்தான் வருகிறாள்.